தீர்க்கதரிசன விளக்கங்களில் வேதம் எவ்வளவு, செய்தியும் சினிமாவும் அரசியலும் எவ்வளவு?

கேள்வி: ஞாயிறுப் பாடசாலை ஆசிரியை, கிளிநொச்சி

கிளிநொச்சிக்கு மேற்கே ஒரு சிறிய சபையில் ஞாயிறுப் பாடசாலையின் மூத்த வகுப்பை நடத்தி வருகிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதி முடித்தவர்களும் உயர்தரம் படிப்பவர்களுமான அந்தப் பிள்ளைகள் வேதாகமத்தில் இப்போது விரும்பிக் கேட்பவை எசேக்கியேலின் 38ஆம், 39ஆம் அதிகாரங்களும் தானியேலும் வெளிப்படுத்தின விசேஷமும் மாத்திரமே. மலைப்பிரசங்கத்தை எடுத்தால் கொட்டாவி விடுகிறார்கள். அது இல்லாமல் ஒருவனும் கொள்ளவும் விற்கவும் முடியாது என்று வெளிப்படுத்தின விசேஷம் 13 சொல்லும் மிருகத்தின் முத்திரை என்றதும் பின்வாங்கில் இருப்பவர்களும் முன்னுக்கு வந்துவிடுகிறார்கள். 2025 ஜூனில் இஸ்ரேலும் ஈரானும் பன்னிரண்டு நாட்கள் மோதிக்கொண்டபோது, எசேக்கியேல் சொல்லும் பெர்சியர் இவர்கள்தான், இஸ்ரவேலுக்கு எதிராகப் படையெடுக்கும் கோகு ரஷ்யாதான் என்று வரைபடம் காட்டி விளக்கும் காணொளிகள் தமிழ்நாட்டிலிருந்தும் கனடாவிலிருந்தும் வட்ஸ்அப் வழியாக வந்து குவிந்தன. போர் நின்ற பிறகும் அந்தக் காணொளிகள் நிற்கவில்லை.

ஒரு மாணவன் தன் கொப்பியில் போட்ட கணக்கை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். இஸ்ரேல் நாடு உருவானது 1948இல், மனிதனுடைய ஆயுள் பெலத்தின் மிகுதியால் எண்பது வருடம் என்கிறது சங்கீதம் 90:10, இவையெல்லாம் சம்பவிக்குமுன்னே இந்தச் சந்ததி ஒழிந்துபோகாது என்று மத்தேயு 24இல் ஆண்டவர் சொல்லியிருக்கிறார், ஆகவே 2028. அதற்குக் கீழே, ஏழு வருட உபத்திரவ காலத்தைக் கழித்து 2021 என்று எழுதி, அதன்மேல் பேனையால் பலமுறை அழுத்தி ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான். அந்த ஏழு வருடம் ஏற்கெனவே தொடங்கிவிட்டதென்றால் அதற்கு முன் கிறிஸ்து விசுவாசிகளை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நடந்து முடிந்துவிட்டதா, நாங்கள் கைவிடப்பட்டவர்களா என்பதுதான் அவனுடைய பயம். உயர்தரத்துக்கு எந்தப் பிரிவை எடுக்கப் போகிறாய் என்று வீட்டில் கேட்டதற்கு, எடுத்து என்ன பயன் என்று பதில் சொன்னானாம். தாயார் வந்து சொல்லி வருத்தப்பட்டார்.

இப்படியான பேச்சு எங்கள் பகுதிக்குப் புதிதன்று. 2004இல் கடல் வந்து முல்லைத்தீவுக் கரையை அழித்தபோது, சமுத்திரமும் அலைகளும் முழக்கமாயிருக்கும் என்ற லூக்கா 21:25ஐ எத்தனையோ இடங்களில் வாசிக்கக் கேட்டேன். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் குறியீடு வந்தபோது, இதுதான் முத்திரைக்கு ஒத்திகை என்று வரிசையில் நின்றவர்களே சொன்னார்கள். சொல்லிக்கொண்டே கைத்தொலைபேசியை நீட்டி ஐந்து லீற்றர் அடித்துக்கொண்டும் போனார்கள்.

நான் அறிய விரும்புவது இதுதான். இந்த விளக்கங்களில் வேதத்திலிருந்து வருவது எவ்வளவு, அந்தந்தக் காலத்துச் செய்தியிலிருந்தும் சினிமாவிலிருந்தும் வல்லரசுகளின் அரசியலிலிருந்தும் வருவது எவ்வளவு? பிள்ளைகளின் விசுவாசத்தைக் கேலி செய்யாமல் இதை எப்படிப் பிரித்துக் காட்டலாம்? அறிந்தவர்கள் பொறுமையாக எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி: ஓய்வுநிலை வரலாற்று ஆசிரியர், வவுனியா

பிள்ளை, உமது மாணவனின் கணக்குக்கு ஒரு பரம்பரையே இருக்கிறது. அதை அவனுக்குக் காட்டினாலே பாதிப் பயம் நீங்கும் என்று நினைக்கிறேன்.

ஹால் லின்ட்சே என்ற அமெரிக்கர் 1970இல் ‘த லேட் கிரேட் பிளானட் எர்த்’ என்ற நூலை வெளியிட்டார். அந்தப் பத்தாண்டில் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்ற புனைவல்லாத நூல்களில் அது ஒன்று. 1979இல் ஓர்சன் வெல்ஸின் குரலோடு திரைப்படமாகவும் வந்தது. ஒரு சந்ததி என்பது ஏறத்தாழ நாற்பது வருடம், ஆகவே 1948இலிருந்து நாற்பது வருடத்துக்குள் எல்லாம் நடந்துவிடலாம் என்பது அவருடைய ஊகம். அந்தக் கணக்கு 1988க்கு வந்து நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் இரகசிய வருகை நடக்கும் என்பதற்கு 88 காரணங்களை அடுக்கி, முன்னர் நாஸாவில் பொறியியலாளராக இருந்த எட்கர் விசனன்ட் ஒரு சிறுநூல் எழுதினார். அது இலட்சக்கணக்கில் பரவியது. 1988 கடந்து போனதும் சந்ததியின் நீளம் நாற்பதிலிருந்து எழுபதாகி 2018க்குப் போனது. அதுவும் கடந்தது. இப்போது எண்பதைக் கூட்டி 2028 என்கிறார்கள். தொடக்க ஆண்டையும் முடிவு நெருங்கிவிட்டது என்ற உணர்வையும் மாற்றாமல் வைத்துக்கொண்டு, இடையிலுள்ள எண்ணை மாத்திரம் வசதிக்கேற்ப நீட்டும் இந்த முறையை அவனே பார்த்து முடிவு செய்யட்டும்.

இதற்கு முன்பும் இப்படியே நடந்திருக்கிறது. லூத்தர் முதலான சீர்திருத்தவாதிகளுக்குப் போப்பாண்டவரே, கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும் அந்திக்கிறிஸ்து. வெளிப்படுத்தின விசேஷம் சொல்லும் 1260 நாட்களை 1260 ஆண்டுகளாகக் கொண்டவர்கள், 1798இல் நெப்போலியனின் படைத்தலைவன் பெர்த்தியே ரோமுக்குள் புகுந்து போப்பைச் சிறைப்பிடித்தபோது தங்கள் கணக்கு நிறைவேறிவிட்டதாகக் கொண்டாடினார்கள். கிறிஸ்துவின் வருகைக்குக் காலம் கணித்த வில்லியம் மில்லரைப் பின்பற்றிய பல்லாயிரம் அமெரிக்கர் 1844 அக்டோபர் 22ஆம் திகதி வானத்தைப் பார்த்துக் காத்திருந்தார்கள். விளைந்த பயிரை அறுக்காமல் விட்டுவிட்டுக் காத்திருந்த கமக்காரரும் அவர்களுள் இருந்தனர். முசோலினி வந்தபோது ரோமப் பேரரசு மீண்டும் எழுகிறது என்றார்கள். தானியேல் 7ஆம் அதிகாரத்தின் பத்துக் கொம்புகள் ஐரோப்பியப் பொதுச்சந்தைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு, 1981இல் கிரேக்கம் பத்தாவது நாடாகச் சேர்ந்தது பெருவிருந்தாயிற்று. 1986இல் ஸ்பெயினும் போர்த்துக்கலும் சேர்ந்து பன்னிரண்டானதும் அந்தப் பேச்சு மெல்லத் தணிந்துவிட்டது. 1991இன் வளைகுடாப் போரின்போது சதாம் ஹுசைன் பாபிலோனின் இடிபாடுகளைத் திருத்திக் கட்டியது பெரிய அடையாளமாகப் பேசப்பட்டது. எதிரி மாறியபோதெல்லாம் வேதத்தின் வரைபடமும் அவனைத் தேடிக்கொண்டு திசை மாறியிருக்கிறது.

இப்போது காணொளிகளில் வரும் முழுத் திட்டமும், அதாவது சபை முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படும், பின் ஏழு வருட உபத்திரவம், பின் அர்மகெதோன் என்ற இறுதிப் போர் என்ற ஒழுங்கு, 1830களில் ஜோன் நெல்சன் டார்பி என்பவர் வகுத்துப் பரப்பியது. அயர்லாந்தின் அங்கிலிக்கன் திருச்சபையில் குருவாக இருந்து விலகியவர் அவர். 1909இல் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்ட ஸ்கோபீல்ட் வேதாகமம் அந்தத் திட்டத்தை வசனங்களுக்குக் கீழேயே குறிப்பாக அச்சிட்டது. குறிப்பும் வசனமும் ஒரே பக்கத்தில் கிடந்ததால், எது மனிதன் எழுதியது என்ற எல்லை பலருக்கு மங்கிப்போயிற்று. எசேக்கியேலில் கோகு ஆளும் இனங்களான மேசேக் என்றால் மொஸ்கோ, தூபால் என்றால் சைபீரியாவின் தொபொல்ஸ்க் என்பதும் அந்தக் குறிப்புகளில் இருப்பதே. அசீரியக் கல்வெட்டுகளோ அந்த இரு இனங்களையும் இன்றைய துருக்கியில் வைக்கின்றன. அதே அதிகாரங்களில் கோகின் படை முழுவதும் குதிரைமேல் வருகிறது. 39ஆம் அதிகாரத்தில் அதன் வில்லுகளையும் ஈட்டிகளையும் இஸ்ரவேலர் ஏழு வருடம் விறகாக எரிக்கிறார்கள். தாங்கியும் ஏவுகணையும் விறகாகுமா என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாரும்.

சினிமாவின் பங்கு இன்னும் பெரியது. 1972இல் வந்த ‘எ தீவ் இன் த நைட்’ என்ற படம் அமெரிக்கச் சபை மண்டபங்களில் ஓடி ஒரு தலைமுறைப் பிள்ளைகளுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. 1995இல் தொடங்கிய ‘லெப்ட் பிஹைண்ட்’ நாவல் வரிசை பதினாறு நூல்களாகி ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது; அதைத் தழுவிப் படங்களும் வந்தன. ஆட்கள் மறைய உடுப்புகள் மாத்திரம் இருக்கையில் கிடப்பது, ஓட்டுநரில்லாத வாகனங்கள் மோதுவது ஆகிய காட்சிகளை இன்று எந்த மொழிக் காணொளியிலும் பார்க்கலாம். சபை எடுத்துக்கொள்ளப்படுவதைச் சொல்லும் 1 தெசலோனிக்கேயர் 4இல் உடுப்பும் இல்லை, வாகன விபத்தும் இல்லை.

அந்த நாவல்களில் அந்திக்கிறிஸ்து யார் தெரியுமா? ருமேனியாவிலிருந்து வந்து ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகமாகும் ஒருவன். அமெரிக்க வலதுசாரிகளுக்கு ஐ.நா.மீது நெடுங்காலமாக உள்ள வெறுப்பு அங்கே தீர்க்கதரிசனமாக உடையணிந்து நிற்கிறது. அதை இங்கே ஒரு பிரசங்கத்தில் கேட்டபோது எனக்கு வேறொன்று ஞாபகம் வந்தது. 2008 செப்டம்பரில் ஐ.நா. அலுவலர்கள் கிளிநொச்சியை விட்டுப் புறப்படத் தயாரானபோது, அவர்களுடைய அலுவலக வாசலில் சனங்கள் கூடி நின்று, எங்களை விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். அவர்கள் போய்விட்டார்கள். இறுதி யுத்தத்தில் தாங்கள் கடமையில் தவறியதை 2012 நவம்பரில் வெளியான ஐ.நா.வின் உள்ளக மீளாய்வு அறிக்கையே ஒப்புக்கொண்டது. ஐ.நா.மீது வன்னிச் சனத்துக்கு இருக்கும் கோபம், அது வராமல் போனதற்கான கோபம். அது வந்து உலகத்தை ஆண்டுவிடும் என்ற பயம் டெக்சாஸில் இருப்பவனுடையது. அந்தப் பயத்தை நாங்கள் இரவல் வாங்கி, எங்கள் பிள்ளைகளுக்கு வேதம் என்று கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

முத்திரையும் அப்படித்தான். 1974இல் அமெரிக்கக் கடையொன்றில் முதன்முதலாகப் பட்டைக் குறியீடு வாசிக்கப்பட்ட காலந்தொட்டு, அதற்குள் மிருகத்தின் எண்ணாகிய 666 ஒளிந்திருக்கிறது என்ற பேச்சு இருக்கிறது. பிறகு கடன் அட்டை, பிறகு கொரோனாத் தடுப்பூசி, இப்போது மின்னணு அடையாள அட்டை. ஆனால் கொள்ளவும் விற்கவும் முடியாதபடி ஒரு சனத்தை அடைத்து வைப்பது எப்படியிருக்கும் என்பது எங்களுக்குக் காணொளி பார்த்துத் தெரியவேண்டியதா? 1990களில் சீமெந்தும் உரமும் எரிபொருளும் பற்றறியும் தாண்டிக்குளத்துக்கு வடக்கே வரவிடாத பொருளாதாரத் தடையில் நாங்கள் வாழ்ந்தோம். வெளியேறுவதற்குப் புலிகள் இயக்கத்தின் பாஸ், உள்ளே போனால் இராணுவத்தின் பதிவு. 2009இல் மெனிக்பாம் இடம்பெயர்ந்தோர் முகாமில் குடும்பம் குடும்பமாக நிறுத்திப் புகைப்படம் எடுத்து இலக்கம் கொடுத்தார்கள். வெளிப்படுத்தின விசேஷம் 13ஆம் அதிகாரத்தைத் தன் அனுபவத்திலிருந்து விளங்கிக்கொள்ளக்கூடிய ஒரு சமூகம், அதை ஒரு பிஸ்கட் பெட்டியின் கோடுகளில் தேடுகிறது.

ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. 2015 ஜனவரித் தேர்தலை இரண்டு ஆண்டுகள் முன்னதாக வைக்கும்படி சோதிடர் நாள் குறித்துக் கொடுத்ததையும், அன்றைய ஜனாதிபதி தோற்றுப்போனதையும் சொல்லிச் சிரிக்காத கிறிஸ்தவர் எங்கள் ஊரில் இல்லை. கொப்பியில் 2028 என்று எழுதுகிறவனுக்கும் அந்தச் சோதிடருக்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்பதை அவர்கள் யோசிக்கலாம்.

மறுமொழி: விசுவமடு ஊழியன்

கர்த்தருக்குள் அன்பான சகோதரிக்கும், மதிப்புக்குரிய ஐயாவுக்கும் ஸ்தோத்திரம். ஐயா எழுதிய வரலாற்றை நான் மறுக்கவில்லை. ஆயினும் அதிலிருந்து அவர் போகும் முடிவுக்கு முழுவதுமாக என்னால் போக முடியவில்லை.

நான் பெந்தெகொஸ்தே சபையில் ஊழியம் செய்பவன். கர்த்தருடைய வருகையை எதிர்பார்க்கிறவன். ஒரு போதனையை எந்த ஆண்டில் யார் முதலில் ஒழுங்குபடுத்தினார் என்று காட்டுவதால் அந்தப் போதனை பொய்யென்று ஆகிவிடாது. விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுவதை லூத்தர் பதினாறாம் நூற்றாண்டில் எடுத்துச் சொன்னபோதும் இது புதிது என்றுதான் ரோமில் சொன்னார்கள். நாள் குறித்தவர்கள் பொய்யரானதால் வருகையும் பொய்யாகாது. அந்த நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்ற மத்தேயு 24:36ஐ மீறியவர்கள் அவர்கள். அந்த வசனம் உள்ள அதிகாரமே விழித்திருக்கவும் சொல்கிறது. நாள் குறிப்பதைக் கண்டிக்கப்போய், காத்திருப்பதையும் சேர்த்துத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அரசியல் விளக்கத்தைக் கெடுக்கிறது என்றால், அது ஒரு பக்கத்தை மாத்திரமா கெடுக்கும்? ஐ.நா.வைப் பற்றியும் தடையைப் பற்றியும் ஐயா எழுதியிருப்பதும் வன்னியின் அரசியலிலிருந்து வாசிப்பதே. டெக்சாஸ்காரன் தன் பயத்தோடு வாசிக்கிறான், நாங்கள் எங்கள் காயத்தோடு வாசிக்கிறோம். இரண்டாவது வாசிப்பு எங்களுடையது என்ற காரணத்தால் அது சுத்தமானது என்று சொல்ல முடியுமா?

இவ்வளவும் சொன்ன பிறகு, எங்கள் பக்கத்தில் உள்ள குறையையும் மறைக்க மாட்டேன். சபை உபத்திரவத்துக்கு முன்னே எடுத்துக்கொள்ளப்படும் என்று போதிக்கப்பட்ட விசுவாசிகள் இறுதி யுத்தத்தில் மாத்தளனில் பங்கருக்குள் இருந்தார்கள். பங்கரின் வாசலில் செல் விழுந்து பிள்ளையை இழந்த ஒரு சகோதரி, இது உபத்திரவம் இல்லையென்றால் எது உபத்திரவம் என்று என்னிடம் கேட்டார். வருகைக்கு முன் வரும் மகா உபத்திரவம் வேறு, உலகத்தில் உங்களுக்கு உபத்திரவம் உண்டு என்று யோவான் 16:33இல் ஆண்டவர் சொன்னது வேறு என்று அட்டவணை போட்டு நான் விளக்கியிருக்கலாம். அந்த இடத்தில் அட்டவணை எடுபடாது என்பது எனக்குத் தெரிந்தது. அவருக்கு 1 தெசலோனிக்கேயர் 4ஐ முழுவதுமாக வாசித்தேன். மரித்தவர்களைக் குறித்துத் துக்கப்படுகிறவர்களுக்காகவே பவுல் அந்தப் பகுதியை எழுதுகிறார். இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள் என்று அதை முடிக்கிறார். தேற்றுவதற்குத் தந்ததைக் கொண்டு பிள்ளைகளைப் பயமுறுத்துகிற காணொளி எவ்வளவு பெரிய ஊழியக்காரருடையதாக இருந்தாலும், அது பவுலின் நோக்கத்துக்கு எதிரானது. சகோதரியின் மாணவனுக்கு நான் முதலில் காட்டுவது அந்தப் பதினெட்டாம் வசனமாகத்தான் இருக்கும்.

இஸ்ரவேலைப் பற்றியும் ஒரு வார்த்தை. யூத ஜனத்துக்குக் கர்த்தர் கொடுத்த வாக்குத்தத்தங்கள் மாறாதவை என்று விசுவாசிக்கிறேன். ஆனாலும் எங்கள் ஜெபக்கூட்டங்களில் குண்டு விழுகிற செய்தியைக் கேட்டு, தீர்க்கதரிசனம் நிறைவேறுகிறது என்று கைதட்டுகிறவர்களைப் பார்க்கும்போது, கிபிர் போர்விமானத்தின் இரைச்சலைக் கேட்டு மரத்தடிக்கு ஓடிய சனம் இதை எப்படிச் செய்கிறது என்று வெட்கமாக இருக்கிறது.

மறுமொழி: மடுறோட் மறையாசிரியர்

கத்தோலிக்கன் ஒருவன் இந்த உரையாடலில் புகுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எங்கள் பங்குகளில் திருவெளிப்பாடு, அதாவது நீங்கள் வெளிப்படுத்தின விசேஷம் என்று சொல்லும் நூல், அதிகம் போதிக்கப்படுவதில்லை. வழிபாட்டில் சில பகுதிகள் வாசிக்கப்படும், அவ்வளவே. அதனால் நாங்கள் தப்பினோம் என்று எண்ண வேண்டாம். போதிக்காமல் விட்ட இடத்தை வதந்தி நிரப்பியது. 1999இன் கடைசி மாதங்களில், மூன்று நாள் உலகம் இருளும், மந்திரித்த மெழுகுதிரி மாத்திரமே எரியும் என்ற கதை இந்தப் பக்கத்தில் பரவியபோது, அகப்பட்ட மெழுகுதிரிகளையெல்லாம் கொண்டுவந்து சுவாமியிடம் மந்திரித்துக்கொண்டார்கள். போர்த்துக்கலின் பாத்திமாவில் 1917இல் மாதா ரஷ்யாவைப் பற்றிச் சொன்னதாக உள்ள செய்தியும், பனிப்போர்க் காலம் முழுவதும் பொதுவுடைமைக்கு எதிரான ஆயுதமாகவே பயன்பட்டது. அங்கே மாதா சொன்னதாக உள்ள மூன்றாவது இரகசியத்தை வத்திக்கான் 2000 ஜூனில் வெளியிட்ட பிறகும், உண்மையானதை இன்னும் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆகையால் இது ஒரு சபைக்குரிய நோயன்று.

ஊழியக்கார அண்ணா கேட்டது நியாயமான கேள்வி: எங்கள் காயத்தோடு வாசிப்பதும் அரசியல்தானே? ஆம், அதுவும் அரசியலே. இரண்டையும் சோதிக்க ஒரு வழி உண்டு என்று நினைக்கிறேன். திருவெளிப்பாடு ஏழு திருச்சபைகளுக்கு எழுதிய மடல் என்று முதல் அதிகாரமே சொல்கிறது. எபேசு, சிமிர்னா, பெர்கமு முதலான அந்த ஊர்களின் இடங்கள் இன்றைய துருக்கியில் இருக்கின்றன. முதல் நூற்றாண்டின் இறுதியில், தொமீசியன் பேரரசனாக இருந்த காலத்தில் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான அறிஞர் கருத்து. பெர்கமுவில் கி.மு. 29இலேயே அகுஸ்துவுக்குக் கோவில் கட்டிவிட்டார்கள். பேரரசனுக்குத் தூபம் போடாதவனுக்குத் தொழிற்சங்க விருந்தில் இடமில்லை, விருந்தில் இடமில்லாதவனுக்குச் சந்தையிலும் கஷ்டம்; கையில் வரும் நாணயத்திலோ பேரரசனுடைய முகம். நேரோ சீசர் என்ற பெயரை எபிரேய எழுத்துகளில் எழுதி அவற்றின் எண் மதிப்பைக் கூட்டினால் 666 வருகிறது. இன்னொரு விதமாக எழுதினால் 616 வருகிறது, சில பழைய கையெழுத்துப் படிகளில் 616 என்றே இருக்கிறது. பெர்கமுவில் மடலைக் கேட்ட ஒரு சாயக்காரனுக்கோ அடிமைக்கோ இந்த விளக்கம் ஏதாவது பொருள் தந்திருக்குமா என்று கேட்க வேண்டும். பொதுச்சந்தையும் பட்டைக் குறியீடும் அவனுக்கு எந்தப் பொருளையும் தந்திராது. பசியும் தடையும் பேரரசின் வணிகமும் அவனுக்கு நன்றாகத் தெரிந்தவை.

ஆசிரியை வகுப்பில் எடுப்பதானால் 18ஆம் அதிகாரத்தின் 12ஆம், 13ஆம் வசனங்களைச் சொல்லுவேன். பாபிலோன் விழும்போது வணிகர் அழுகிறார்கள். அவர்களிடம் இனி யாரும் வாங்காத சரக்குகளின் பட்டியல் வருகிறது. பொன், வெள்ளி, முத்து, பட்டு, தந்தம், பளிங்கு, இலவங்கப்பட்டை, தூபம், திராட்சை இரசம், எண்ணெய், மாவு, கோதுமை, மாடு, ஆடு, குதிரை, தேர் என்று ஒரு கப்பலின் சரக்குச் சிட்டை போலப் போய், கடைசியில் மனித உயிர்கள் என்று முடிகிறது. ஏழு மலைகள்மேல் அமர்ந்திருப்பவள் என்று முந்திய அதிகாரத்திலேயே சொல்லிவிட்டதால், இது ஏழு மலைகளின் நகரான ரோமைப் பற்றியது என்று அன்று கேட்டவர்களுக்கு எவரும் வரைபடம் போட்டு விளக்கத் தேவையில்லை. எந்தக் காணொளியிலும் இந்தச் சிட்டையை வாசிக்க நான் கேட்டதில்லை. குண்டும் மிருகமும் இல்லாத இடம் சினிமாவுக்கு உதவாது போலும்.

அதைப் போலவே 6ஆம் அதிகாரத்தில் பலிபீடத்தின் கீழிருந்து கொல்லப்பட்டவர்கள், ஆண்டவரே, எதுவரைக்கும் என்று கேட்கிறார்கள். 2017 பெப்ரவரி 20இலிருந்து கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு வீதியோரத்தில் அமர்ந்து கேட்டதும் அதைத்தான். அந்த வசனம் அவர்களைக் குறித்து முன்னறிவித்தது என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொன்னால் நானும் கோகுக்கு வரைபடம் போடுகிறவனாகிவிடுவேன். அந்தக் கேள்வியைக் கேட்பது விசுவாசக்குறைவு அல்ல என்பதற்கு அந்த வசனம் சாட்சி, அவ்வளவே.

மறுமொழி: ஓய்வுநிலை வரலாற்று ஆசிரியர், வவுனியா

ஊழியக்காரத் தம்பியின் ஆட்சேபத்தை ஏற்றுக்கொள்கிறேன். எவனும் தன் காலத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு வேதத்துக்குள் போவதில்லை. ஆனால் வாசிப்பின் பின்னால் அதிகாரம் சேரும்போது விளைவு வேறாகிறது. 2018 மார்ச்சில் நெதன்யாகு வாஷிங்டனுக்குப் போய், யூதரை எருசலேமுக்குத் திரும்ப அனுப்பிய பாரசீக மன்னன் கோரேசோடு ட்ரம்பைச் சேர்த்துப் பேசினார். மே 14இல் எருசலேமில் அமெரிக்கத் தூதரகம் திறந்தபோது நிறைவு ஜெபத்தைச் செய்தவர், முழுச் சந்திர கிரகணங்களை வைத்துத் தீர்க்கதரிசனம் எழுதிய ஜோன் ஹேகி. அங்கே விளக்கம் வாக்காகவும் ஆயுத உதவியாகவும் மாறுகிறது. விசுவமடுவில் ஒரு தாய்க்கு வாசித்த 1 தெசலோனிக்கேயர் 4 அப்படி எதுவாகவும் மாறவில்லை. இரண்டும் அரசியல்தான் என்று சமப்படுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. தம்பியும் அப்படிச் சமப்படுத்துவார் என்று நினைக்கவில்லை.

மறுமொழி: ஞாயிறுப் பாடசாலை ஆசிரியை, கிளிநொச்சி

மூவருக்கும் நன்றி. ஐயா தந்த ஆண்டுகளை ஒரு பெரிய தாளில் காலவரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அப்போது யார் யாரோடு போரிட்டார்கள் என்பதைப் பிள்ளைகளையே நிரப்பச் சொல்லப் போகிறேன். வரலாறு பாடமாக எடுக்கும் இரண்டு பேர் இருக்கிறார்கள், அவர்கள் உதவுவார்கள். அடுத்த வாரம் சரக்குச் சிட்டை. அதைப் பழைய மொழிபெயர்ப்பிலும் திருவிவிலியத்திலும் வாசிக்க வைப்பேன்.

தடையையும் மெனிக்பாமையும் வகுப்பில் எடுப்பது பற்றி யோசிக்கிறேன். பிள்ளைகளுக்கு அவை கேள்விப்பட்ட கதைகள். வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கும் பெற்றோருக்கு அப்படியில்லை. இரண்டு குடும்பங்கள் இதுவரை அதைப்பற்றி வாய் திறந்ததில்லை. அதனால் முதலில் அவர்களுடைய வீடுகளுக்குப் போய்க் கேட்பேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுவேன்.

விசுவமடு அண்ணா, எங்கள் போதகர் ஐயாவிடம் கேட்டுவிட்டேன். வேறு சபையைச் சேர்ந்தவர் வந்து பேசுவதில் அவருக்கு முதலில் தயக்கம் இருந்தது. நாள் குறிக்க மாட்டார் என்று நான் உறுதி கொடுத்தபின் சம்மதித்தார். மழைக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் நீங்கள் வந்து அந்த நாலாம் அதிகாரத்தைப் பிள்ளைகளோடு வாசிக்க முடியுமா? அக்கராயன் பக்கம் வரும் கடைசிப் பேருந்து வேளையோடு போய்விடும் என்பதால், திரும்பிப் போவதற்கு மோட்டார் சைக்கிள் ஒன்றுக்கு நானே ஒழுங்கு செய்கிறேன்.